ரெண்டும் ஒரே ஆள்

ரிப்போர்ட்டுல கொலுசுன்னு எழுதி வச்சிருக்காகளே, அதை முதல்ல பேனாவால அடி தாயி. அடிச்சுட்டு அப்புறமா அந்த ரத்தம் எடுக்கிற ஊசியை எடு. ஆம்பள கொலுசு போடுவானா? சண்டைக்குப் போன மனுசன் கால்ல கொலுசு மாட்டிக்கிட்டா பிளேன்ல ஏறுவாக? அது அரைஞாண் கொடி. இடுப்புல கட்டுறது, வெள்ளியில சங்கிலி மாதிரி இருக்கும். நீ சேலத்துக்காரின்னு சொன்ன, உங்க பக்கமும் கட்டுவாக, உனக்குத் தெரியும். எந்த ஊர்லயோ உக்காந்து எழுதுனவனுக்குத் தெரியல. சரி, அவனை வஞ்சு என்ன ஆகப்போகுது.

உன்னை நீங்கன்னுதான் கூப்பிடணும், ஆபீசர் உடுப்பு போட்டிருக்க. ஆனா பேத்தின்னு எனக்கு ஒண்ணு இருந்தா உன் வயசுதான் இருக்கும். வாய் வரல. தப்பா எடுத்துக்காத.

எம் மக செண்பகம் இப்ப வந்துருவா. ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கா. முக்குக் கடையில கரண்டு இல்லைன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகணும். இருக்கட்டும், போயிட்டு வரட்டும். அவ வாரதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் ஒரு ஜெராக்ஸ் பத்தாது, மூணு எடுன்னு நானே அனுப்பி வச்சேன்.

நீ வாசிச்சுக் காட்டுனதை நான் திருப்பிச் சொல்லுதேன். எனக்குச் சரியாப் புரிஞ்சிருக்கான்னு பாரு. எழுபத்தொண்ணு டிசம்பர்ல சாமான் ஏத்திக்கிட்டு லடாக் பக்கம் போன பிளேன். உள்ள ஒம்பது பேரு. என் வீட்டுக்காரரு பாலவேசம் அதுல ஒருத்தரு, என்ஜின் மெக்கானிக். போன பிளேன் போனதுதான். போன ஆவணியில பனி உருகுன இடத்துல மலையேறுற பயலுக ரெக்கைத் தகரத்தைப் பாத்துட்டு வந்து சொல்லியிருக்கானுக. உங்க ஆளுக போய்த் தேடுனதுல அங்கயும் இங்கயுமா எலும்பு. அதுல ஒரு இடுப்பெலும்புத் துண்டு, அதைச் சுத்தி இந்த வெள்ளிக்கொடி, கொடியில ஒரு தாயத்து. செண்பகம் கேட்டா, கொடியை வச்சே அப்பான்னு சொல்லக் கூடாதான்னு. அந்த ஒம்பது பேருல ஒரு தெலுங்குக்காரரும் உண்டு, அவுக ஊர்லயும் கட்டுவாகன்னு பதில் வந்துச்சு. அதுவும் நியாயந்தான்.

எலும்புல டெஸ்டுக்கு ஒண்ணும் தேறலை. தாயத்தைத் தொறந்தா உள்ள கறுப்பா மிளகு கணக்கா ஒண்ணு. மனுசச் சதைதான்னு கண்டுபிடிச்சு, செண்பகத்து ரத்தத்தோட ஒத்துப் பாத்திருக்காக. அப்பனும் மகளும்னா பாதிக்குப் பாதி ஒத்துப்போகுமாம். இது முழுசா ஒத்துப்போச்சு. ரெண்டும் ஒரே ஆள்னு ரிப்போர்ட்டு. அது எப்படி ஆகும்? அதனால இவ ரத்தம் எப்படியோ அதுல பட்டுக் கெட்டுப்போச்சு, லேப்ல யாரோ அசந்துட்டாக, இந்த ரிப்போர்ட்டு செல்லாதுன்னு முடிவு பண்ணிட்டீக. மிச்சம் இருக்கிற துளியில இன்னொரு தடவை பாப்பீக. அதுலயும் இப்படியே வந்தா பைலை மூடிட்டு, பேரு தெரியாத எலும்புகளோட சேத்து அங்கயே எரிச்சிருவீக. சரியாச் சொல்லுதேனா?

அப்ப ஊசியை உள்ள வச்சிரு. இன்னொரு தடவை எடுத்தாலும் அப்படித்தான் வரும். பத்துத் தடவை எடுத்தாலும் அப்படித்தான் வரும்.

ஏன் அப்படிப் பாக்க? எனக்குப் புத்தி பிசகலை. எழுபத்தி நாலு வயசுக்கு கண்ணு மட்டுந்தான் கொஞ்சம் மங்கல்.

உனக்குப் பிள்ளை இருக்கா? ஒண்ணா? அப்ப உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த பிள்ளைக்குத் தொப்புள்ல ஒட்டிக்கிட்டிருக்கிற கொடி ஏழு நாள்ல, ஒம்பது நாள்ல காஞ்சு விழும். எங்க பக்கம் அதைத் தூரப் போட மாட்டாக. வெள்ளித் தாயத்துக்குள்ள வச்சு, அரக்கு வச்சு அடைச்சு, பிள்ளை இடுப்புல கட்டிவிட்டிருவாக. நோய் நொடி அண்டாதும்பாக. எங்க அத்தை, என் மாமியாரு இசக்கியம்மா, அவுக மகனுக்கு அப்படித்தான் கட்டிவிட்டாக. ஒத்த மகன் இல்லையா. வளர வளரக் கொடியை மாத்துனாக, வெள்ளி கூடிக்கிட்டே போச்சு, தாயத்து மட்டும் அதே தாயத்து. பட்டாளத்துக்குப் போகும்போதும் அவுக இடுப்புல அதுதான்.

எனக்கு அம்மா இல்லை. அதனால பிரசவம் மாமியார் வீட்டுலயே நடந்துச்சு. செண்பகம் பிறந்தா. ஏழாம் நாள் எங்க வீட்டுக்காரரு லீவுல வந்தாக. நாலே நாள் லீவு. சண்டை வரும் வரும்னு பேசிக்கிட்டிருந்த நேரம், லீவு கொடுத்ததே பெருசு. வந்த மனுசன் பிள்ளையை எட்டி நின்னு பாத்தாக. "என்ன இத்தினிக்கூண்டா இருக்கு"ன்னாக. போயிட்டாக. மறுநாள் அதே மாதிரி. தூக்கலை தாயி. ஒரு தடவை கூடத் தூக்கலை. பிளேன் என்ஜினையே கழட்டி மாட்டுற கை, இதைத் தூக்கப் பயமாம். பயமோ, இல்ல பொம்பளப் பிள்ளைன்னு கசப்போ, எனக்கு எப்படித் தெரியும்? மூஞ்சி சுளிக்கலை, அதையும் சொல்லணும். ஆனா தூக்கலை.

ஒம்பதாம் நாள் தொப்புள்கொடி விழுந்துச்சு. நான் அதைத் துணியில முடிஞ்சு எடுத்துட்டுப் போய் அத்தைகிட்ட, தாயத்து ஒண்ணு செஞ்சிருவோமா அத்தைன்னு கேட்டேன். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குடி? குப்பைக்குழியில புதைச்சிட்டு வா"ன்னாக. எங்க வீட்டுக்காரரு அங்கதான் உக்காந்து இட்லி தின்னுக்கிட்டிருந்தாக. அம்மா பேச்சுக்கு மறுபேச்சு அந்த வீட்டுல கிடையாது.

எனக்கு அப்ப இருபத்தோரு வயசு. இப்ப நெனச்சா அந்தப் பிள்ளை யாரோ மாதிரி இருக்கு. ஆனா அந்தக் கோவம் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

பதினோராம் நாள் காலையில, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, அத்தை அவுகளுக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்க வச்சாக. வெள்ளிக்கொடி கறுத்துப் போச்சுன்னு கழட்டி என் கையில கொடுத்து, திருநீறு போட்டுத் தேய்க்கச் சொன்னாக. கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு கறுப்புக் கயித்தைக் கட்டிவிட்டாக, அரை வெறுமையா இருக்கக் கூடாதுன்னு. அவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யுற மனுசி. நான் அடுப்படியில உக்காந்து தேய்ச்சேன். தேய்ச்சுக்கிட்டே இருந்தப்பதான் தோணுச்சு. ஊசியைச் சுட வச்சு அரக்கைக் குத்துனேன், இளகி வந்துருச்சு. உள்ள இருந்ததை உள்ளங்கையில தட்டுனேன். இத்துப்போய்ப் பொடியாக் கிடந்துச்சு. அதை அடுப்புல போட்டேன். முடிச்சுல இருந்த எம் பிள்ளை கொடியை எடுத்து உள்ள வச்சேன். அரக்குக்கு எங்க போக? மெழுகுவத்தியை உருக்கி ஊத்தி அடைச்சேன். மெழுகு வச்சு அடைச்சிருந்ததுனாலதான் அம்பது வருஷமாத் தண்ணி உள்ள போகலைன்னு நீ வாசிச்சியே, அது நான் ஊத்துன மெழுகு.

பிள்ளையைத் தூக்க மாட்டேன்னீகள்ல, போற இடமெல்லாம் சுமந்துக்கிட்டுத் திரியுங்க. அந்த நெனப்புதான். வேற ஒண்ணும் கிடையாது. ரெண்டு மாசத்துல மறுபடி லீவுல வருவாக, அப்பச் சொல்லிச் சிரிக்கலாம்னு வச்சிருந்தேன்.

கட்டிக்கிட்டுப் போயிட்டாக.

டிசம்பர்ல தந்தி வந்துச்சு. மத்தியானம், நான் உளுந்து அரைச்சுக்கிட்டிருந்தேன். காணவில்லைன்னு போட்டிருந்துச்சு, இறந்துட்டாகன்னு இல்லை. தெருவே கூடி அழுதுச்சு. அத்தை எந்திரிச்சு நின்னு எல்லாரையும் பாத்து ஒண்ணு சொன்னாக. "எம் பிள்ளையோட தொப்புள்கொடி அவன் இடுப்புல இருக்கு. அவனுக்கு ஒண்ணும் ஆகாது. யாரும் எம் வீட்டுல அழக் கூடாது."

நான் உளுந்துக் கையோட நின்னேன். எனக்குத் தெரியும்ல? அது அவுக இடுப்புல இல்லை. நாலு மாசத்துக்கு முன்னாடி இந்த அடுப்புல எரிஞ்சு போச்சு. ஒரு நிமிஷங்கூட எரியலை.

அன்னையோட எனக்கு உள்ள என்னமோ நின்னு போச்சு. அழுகை வரலை. வந்திருந்தா, ஏன் அழுதன்னு கேப்பாக. கேட்டா என்னத்தைச் சொல்ல? அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக, எம் மருமக நம்பிக்கையைப் பாருங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைன்னு.

பட்டாளத்துல இருந்து ஏழு வருஷம் கழிச்சு, இறந்ததாக் கருதப்படுதுன்னு காயிதம் வந்துச்சு. அத்தை அதை வாங்கவே இல்லை. நான்தான் கையெழுத்துப் போட்டேன். காரியம் பண்ணக் கூடாதுன்னுட்டாக. தாலியைக் கழட்டக் கூடாதுன்னுட்டாக. வெள்ளிக்கிழமை தவறாம எந் தலையில அவுக கையாலயே பூ வச்சுவிடுவாக. ஊர்ல கல்யாணம் காச்சின்னா என்னைக் கூப்பிடுவாக, கூப்பிட்டுட்டு ஆரத்தித் தட்டு மட்டும் எங்கிட்ட கொடுக்க மாட்டாக. மஞ்சளும் பூவுமா நான் ஒரு தூணோரமா நிப்பேன். சாப்பாடு போட்டா சாப்பிட்டுட்டு வருவேன். வருத்தமான்னு கேட்டா, வருத்தமுன்னும் இல்லை. ஒண்ணுமே இல்லை.

ஊர்ல உள்ள அத்தனை பேரும் அவுக வருவாகளா மாட்டாகளான்னு யோசிச்சாக. யோசிக்காத ஆளு நான் ஒருத்திதான்.

அத்தை இருந்தது அதுக்கப்புறம் பத்தொம்பது வருஷம். ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு சொல்லிருவோம்னு நெனைப்பேன். உலையை வைக்கும்போது நெனைப்பேன், சோத்தை வடிக்கும்போது மறந்திருப்பேன். சாகக் கிடக்கும்போது கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாக, "கொள்ளி வைக்க அவன் வருவான், அவசரப்பட்டு எடுத்துராதீக"ன்னு. செத்த மறுநாள் சாயங்காலம் வரைக்கும் போட்டு வச்சிருந்தோம். சொந்தக்காரங்க எல்லாம் ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக. கிறுக்குத்தனம்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் பெரிய மனுசி கேட்டாகளேன்னு. நான் அத்தை காலுமாட்டுல உக்காந்து ஈ ஓட்டுனேன்.

நீ எழுதாமலே இருக்கியே. எழுதிக்கோ, பரவாயில்லை. இல்ல, முழுசாக் கேட்டுட்டு எழுது.

செண்பகத்தைப் பத்திச் சொல்லணும். நல்ல பிள்ளைதான். போஸ்டாபீசுல வேலை, இன்னும் கொஞ்ச வருஷத்துல ரிட்டையர். கல்யாணம் பண்ணிக்கலை. அப்பா வந்து பண்ணி வைக்கட்டும்னு அத்தை சொல்லிச் சொல்லி வளத்தாக, அப்படியே வயசு போயிருச்சு. இவ அப்பா முகத்தைப் பாத்ததில்லை. பாத்திருக்கா, பதினோரு நாள் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆனா அப்பா அப்பான்னு உசுரு. வேலைக்குச் சேந்த வருஷத்துல இருந்து ஒவ்வொரு ஜனவரியும் பட்டாளத்து ஆபீசுக்கு ஒரு லெட்டர் போடுவா. பதிலு வந்தாலும் போடுவா, வராட்டாலும் போடுவா. உங்க ஆபீசுல அதைத் தனியா ஒரு கட்டா வச்சிருக்கீகன்னு சொன்னியே, அது இவ கையெழுத்துதான்.

எனக்கு இவகிட்ட அவ்வளவாப் பேச்சு கிடையாது. சோறு பொங்கிப் போட்டேன், படிக்க வச்சேன், காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் கொடுத்தேன். ஒரு குறை வைக்கலை. ஆனா இவ சிரிச்சுக்கிட்டு ஓடி வந்து மடியில விழுந்தா எனக்குக் கை எந்திரிக்காது. இவ கொடி உள்ள போச்சு, அவுக கொடி அடுப்புக்குப் போச்சு. ஒண்ணு பிழைக்க ஒண்ணு போச்சுன்னு மனசுல விழுந்துருச்சு. பிள்ளை மேல என்ன தப்பு? ஒண்ணும் இல்லை. தெரியுது. தெரிஞ்சா மட்டும் கை எந்திரிச்சிருமா?

இவளுக்கு அதெல்லாம் தெரியாது. தெரியாதுன்னுதான் நெனைக்கேன்.

எலும்பு கிடைச்சிருக்குன்னு போன் வந்த அன்னைக்கு இவ ஆபீசுல இருந்து ஓடி வந்தா. அம்பத்து மூணு வயசுல செருப்பில்லாம ஓடி வந்தா. எனக்கு ஒண்ணும் தோணலை. சாப்பிட்டியான்னு கேட்டேன். அப்புறம் இந்த ரிப்போர்ட்டு வந்துச்சு. ரெண்டு நாள் சாப்பிடலை. மூணாம் நாள் என் பக்கத்துல வந்து உக்காந்து சொல்லுதா, "என் ரத்தமே அப்பாவைக் கெடுத்துட்டுதும்மா. நான் போகாம இருந்திருந்தா அப்பா கிடைச்சிருப்பாரு."

அதைக் கேட்டுட்டுத்தான் தாயி இதைச் சொல்லுதேன். இல்லைன்னா சொல்லியிருக்க மாட்டேன், உள்ளதைச் சொல்லுதேன். எங்கூடவே எரிஞ்சு போகட்டும்னு விட்டிருப்பேன். அவுக எங்க எரிஞ்சா என்ன, எந்தப் பேருல எரிஞ்சா என்ன, எனக்கு அது அம்பத்து மூணு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்ச கணக்கு. ஆனா பிள்ளை தன்னால கெட்டுச்சுன்னு நெனைக்கால்ல? கெடுத்தது அவ இல்லையே.

இப்ப நீயே சொல்லு. லேப்ல யாரும் அசரலை. ரிப்போர்ட்டு தப்பு இல்லை. ரெண்டும் ஒரே ஆள்தான். உள்ள இருந்தது செண்பகத்தோட கொடி. இங்க கோவில்பட்டியில பிறந்த பிள்ளையோட கொடி அந்தப் பனிமலைக்கு எப்படித் தாயி போகும்? அவுக இடுப்புல போனாத்தானே போகும்? தெலுங்குக்காரரு இடுப்புலயா போகும்?

அவுகதான் அது.

பேனாவை எடுத்துட்டியா? தண்ணி வேணுமா? மெதுவா எழுது. நான் சொல்லச் சொல்ல எழுதி, கீழ என் பேரு போடு. அன்னபாக்கியம், க/பெ பாலவேசம். லேட்டுன்னு போடணுமா? போட்டுக்கோ. மெழுகு எந்தப் பக்கத்து மூடியில இருந்துச்சுன்னு கேட்டாலும் சொல்லுதேன், வளையத்துக்கு எதிர்ப்பக்கம். ஊசியால கீறுன கோடு ஒண்ணு வெள்ளியில இருக்கும், பாக்கச் சொல்லு.

ஒண்ணே ஒண்ணு. செண்பகத்துகிட்ட வேற என்னமும் காரணம் சொல்லிருவியா? லேப்ல தப்பைக் கண்டுபிடிச்சுட்டாக, அப்பாதான்னு உறுதியாயிருச்சுன்னு. எங்க அம்மா எங்க அப்பாவைக் கொன்னுட்டான்னு இந்த வயசுல அவ நெனைக்க வேணாம். அவளுக்கும் யாரும் இல்லை, எனக்கும் யாரும் இல்லை. ஒரே வீட்டுல இன்னும் எத்தனை வருஷம் கிடக்கணுமோ.

எங்க பாக்க நீ? வாசல்ல யாரு?

எப்ப வந்தடி?

செருப்புச் சத்தமே கேக்கலையே. மூணு ஜெராக்ஸும் எடுத்துட்டியா? அங்கயே ஏன் நிக்க, உள்ள வா. அந்தத் தாளைக் கசக்காதடி, ஆபீசருக்குக் கொடுக்கணும்.

அப்படிப் பாக்காத. ஏதாச்சும் கேக்கணும்னா கேளு. வையணும்னா வஞ்சுக்கோ. ஆபீசரு முன்னாடின்னு யோசிக்காத, அவுகளுக்கு எல்லாம் சொல்லிட்டேன்.

என்னது? சத்தமாச் சொல்லு.

ஆமா. பதினோராம் நாள். அன்னைக்குத்தான் வச்சேன்.

ஆமடி, உன்னோடதுதான். அவுக இடுப்புலதான். கடைசி வரைக்கும் கழட்டியிருக்க மாட்டாக, அத்தைக்குப் பயந்த மனுசன்.

ஏன்டி சிரிக்க? அழுகுதியா சிரிக்கியா, எனக்குச் சரியாத் தெரியலை. இந்தா, தரையில ஏன் உக்காருத?

தாயி, கேட்டியா இவ சொல்லுததை? நான் என்னமோ கொன்னுட்டேன், எரிச்சிட்டேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். இவ அதைக் காதுலயே வாங்கலை. "அப்ப அப்பா அந்தப் பனிக்குள்ள தனியாக் கிடக்கலை, நான் கூடவே இருந்திருக்கேன்"ங்கா.

நான் இப்படி நெனச்சதே இல்லை தாயி. அம்பத்து மூணு வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கூட, இப்படி நெனச்சதே இல்லை.